கந்தகம் தின்ற வள்ளிநாயகி டீச்சர்

கந்தகத்தை மனுஷர் தின்பார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். தின்றார். என் கண் முன்னாலேயே, மலாக்கா வெல்லத்துக்குள் பொதிந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, நாள் தவறாமல் தின்றார். என் அண்ணன் பெண்சாதி வள்ளிநாயகி. எனக்கு மச்சாள், ஊருக்கு வள்ளிநாயகி டீச்சர். இப்போது அதையே மாத்திரையாக்கி, சீசாவில் அடைத்து, மூட்டு வலிக்கு நல்லது என்று மருந்துக் கடையில் விற்கிறார்களாம். வாங்கி வந்து என்னிடம் பெருமையாகக் காட்டுகிறார்கள். போங்கள், போங்கள், அதெல்லாம் ஜப்பான்காரன் காலத்திலேயே எங்கள் வீட்டில் பார்த்தாயிற்று என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

அண்ணன் விநாசித்தம்பி துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். ஜப்பான் விமானங்கள் பினாங்கில் குண்டு போட்ட அன்று வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. வீட்டில் மிஞ்சியது மச்சாள், நான், மச்சாளின் ஒரே மகள் புஷ்பராணி. தண்ணீர்மலைக்குப் போகிற சாலையில் ஒரு மரவீட்டில் இருந்தோம். மச்சாள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். வீட்டில் அடுப்படி என் பொறுப்பு. வாயும் என் பொறுப்புத்தான். அதில் நான் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

அந்த நாளில் ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு மாவில் ரொட்டி, இரவில் கிழங்குக் கஞ்சி. நாங்கள் பெரியவர்கள் சமாளித்தோம். புஷ்பராணிக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. காய்ச்சல் வந்து எழும்பிய பிள்ளை, ஏழு வயது, கை கால் எல்லாம் ஈர்க்கில். கிழங்கு வயிற்றில் போன உடனே வெளியே வந்துவிடும். அரிசிக் கஞ்சி கொடுங்கள், அரிசி இல்லையென்றால் இந்தப் பிள்ளை நிற்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அரிசிக்கு எங்கே போவது? பள்ளிக்கூட வாத்திமாருக்கு மட்டும் ஜப்பான்காரன் ரேஷன் பங்கில் கொஞ்சம் அரிசி சேர்த்துக் கொடுத்தான். மச்சாளின் அந்தப் பங்கு அப்படியே பிள்ளையின் பானைக்குப் போனது. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கஞ்சியை மோந்து பார்த்ததோடு சரி.

ஆகவே மச்சாளுக்கு வேலை இருந்தால் பிள்ளை இருக்கும். வேலை போனால் என்ன என்பதை நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

வேலைக்கு வந்த வில்லங்கம் படிப்பிப்பதில் இல்லை. மச்சாள் ஜப்பான் பாஷையையும் இரவிரவாக நெட்டுருப் பண்ணி, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். வில்லங்கம் தைசோவில் வந்தது. தைசோ என்றால் காலைத் தேகப்பயிற்சி. ரேடியோவில் ஒரு பியானோச் சத்தம் வரும், ஒருத்தன் 'இச்சி, நீ, சான், ஷி' என்று எண்ணுவான். 'நீ' என்றால் இரண்டு. முதல் நாள் வாத்திமார் எல்லாரும், யாரைப் பார்த்து 'நீ' என்கிறான் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம். அந்த எண்ணுக்கு ஏற்ப கையை வீச வேண்டும், இடுப்பை வளைக்க வேண்டும், பிறகு முழங்காலை மடக்கிக் குந்தி எழும்ப வேண்டும். மாணவர் மட்டும் இல்லை, வாத்திமாரும் செய்ய வேண்டும். சேலை கட்டியவருக்கும் விலக்குக் கிடையாது.

மச்சாளுக்கு முழங்கால் வாதம். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வந்தது. கதிரையில் இருந்து எழும்பும்போதே 'முருகா' என்று ஒரு கை மேசையைப் பிடிக்கும். கோயிலில் கும்பிடுவதும் நின்றபடிதான், விழுந்து கும்பிட்டால் தூக்கிவிட ஆள் வேண்டும். இப்படிப்பட்டவர் குந்தி எழும்புவது எங்கே?

கொஞ்சக் காலம் ஸ்ரீஸ்கந்தராஜா மாஸ்டர் காப்பாற்றினார். நல்ல மனுஷன், நல்ல உடம்பும் கூட.

"டீச்சர், நீங்கள் எனக்குப் பின்னால நில்லுங்கோ. என்ர வண்டியாலயும் ஒரு பிரயோசனம் இருக்கட்டும்" என்றார். வண்டி என்றால் எங்கள் பேச்சில் தொந்தி. அந்தத் தொந்திக்குப் பின்னால் நின்று மச்சாள் கையை மட்டும் வீசிவிட்டு வந்துகொண்டிருந்தார்.

அதற்கும் வந்தது ஆப்பு. ஏப்ரல் மாதக் கடைசியில் ஜப்பான் சக்கரவர்த்தியின் பிறந்தநாள். அன்றைக்குப் பினாங்குப் பள்ளிக்கூடங்களின் வாத்திமார் எல்லாரும் கடற்கரைப் பாடாங்கில், அதாவது திடலில், வரிசையாக நின்று தைசோ செய்ய வேண்டும், கல்விக் கந்தோர் அதிகாரி வந்து பார்ப்பார், செய்ய முடியாதவர் வேலைக்குத் தகுதியில்லாதவர் என்று பெயர் வெட்டப்படும். ஸ்ரீஸ்கந்தராஜா மாஸ்டரே வீடு தேடி வந்து இதைச் சொன்னார். வரிசையில் இடைவெளி விட்டு நிற்க வேண்டுமாம். இனித் தொந்தி மறைக்காது. அவர் போன பிறகு மச்சாள் புஷ்பராணி படுத்திருந்த பக்கம் பார்த்தார்.

"ஏலாது எண்டு சொல்லிப் பாருங்கோவன், மச்சாள்" என்றேன். "வருத்தக்காரி எண்டு தெரிஞ்சால் இரங்க மாட்டாங்களோ?"

"ஏலாது எண்டால் வீட்டை போ எண்டுவான். வீட்டை போனால் அரிசி ஆர் தருவினம்? நீயோ?" என்றார். "குந்த வேணும், எழும்ப வேணும். அவ்வளவுதானே. நான் செய்வன்."

அவ்வளவுதானேயாம்! பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற சாதி அவர். பிறகு என்ன சொல்லியும் பயனில்லை.

அடுத்த நாளே என்னையும் இழுத்துக்கொண்டு சூலியா தெருவுக்குப் போனார். அங்கே ஷேக் அலாவுதீன் என்று ஒருவர் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். கடையில் பெட்டிகள் இருந்தன, பெட்டிகளில் ஒன்றும் இல்லை. கப்பல் வராமல் மருந்து எங்கிருந்து வரும்? மச்சாள் முழங்காலைச் சொன்னதும் மனுஷன் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சரம்மா, எண்ணெய் கிண்ணெய் எல்லாம் மேலுக்குத்தான். உள்ளுக்குச் சாப்பிடணும்னா கந்தகம். பழைய வாதத்துக்கு எங்க வாப்பா அதைத்தான் குடுப்பாரு."

"கந்தகமோ?" என்று நான் கத்திவிட்டேன்.

"மெதுவா லா, அக்கா! ஜப்பான்காரன் காதுல விழுந்தா வெடிமருந்துன்னு என்னையும் புடிப்பான், உங்களையும் புடிப்பான்" என்று வாயில் விரலை வைத்தார். "பச்சையாத் தின்னக் கூடாது. வயித்தை அரிச்சிடும். நெய்யில உருக்கி, பால்ல ஊத்தி, எடுத்துக் கழுவணும். சுத்தி பண்ணின சரக்கு எங்கிட்ட கொஞ்சூண்டு இருக்கு. அது முடிஞ்சா அப்புறம் இல்ல."

அந்தக் கொஞ்சூண்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மச்சாள் அன்றைக்கே தொடங்கிவிட்டார். ஐயோ, அந்த நாற்றத்தை என்னவென்று சொல்ல? உள்ளே போனது கந்தகம். ஏப்பமாக வந்தது அழுகின முட்டை. வேர்வையில் வந்தது, மூச்சில் வந்தது. அவர் இடுப்பில் செருகியிருந்த வெள்ளிச் சாவிக்கொத்து கறுத்துப் போயிற்று. வகுப்பில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்து மூக்கைப் பொத்தினார்களாம். மச்சாள் அதற்கும் அசையவில்லை. 'ஆர் செய்தது?' என்று அவர்களையே அதட்டிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்திருக்கிறார்.

"கொஞ்சம் சுகமாக் கிடக்கு, அருந்ததி" என்பார். "காலமை எழும்பேக்க முந்தின மாதிரிக் குத்தேல்லை."

எனக்கு நம்பிக்கையில்லை. கந்தகம் சுகப்படுத்தியதா, சுகப்பட்டே ஆகவேண்டும் என்ற அவருடைய வைராக்கியம் சுகப்படுத்தியதா, யார் கண்டது? கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குந்திப் பழகத் தொடங்கியிருந்தார் என்பதும் உண்மை. முதலில் கொஞ்சம்தான் இறங்கினார். பிறகு பாதி. பாதியில் முகம் கோணும், பல்லைக் கடிப்பார், எழும்புவார். முழுக்க இறங்கினால் எழும்ப என் தோள் வேண்டியிருந்தது. பாடாங்கில் என் தோள் இருக்காது என்று நான் சொன்னால், தெரியும் என்பார்.

அதற்குள் பொட்டலம் முடிந்துவிட்டது. இன்னும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சூலியா தெருவில் இல்லை. அப்போதுதான் தம்பியின் நினைவு வந்தது. மச்சாளின் தம்பி, பெயரும் தம்பு, நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, கணக்கு எழுதுகிறவன். தோட்டத்து ஸ்டோரில் மூட்டைக் கணக்கில் கந்தகம் கிடக்கிறது என்று முன்பொரு தடவை சொல்லியிருந்தான். ரப்பர் மரத்து இலையில் பூஞ்சை பிடித்தால் தூவுவதற்கு வெள்ளைக்காரத் துரை வாங்கி வைத்தது. துரை ஓடிவிட்டான், கந்தகம் கிடந்தது.

பாலுக்கும் அங்கேதான் வழி இருந்தது. டவுனில் மாட்டுப் பால் கண்ணில் காண முடியாது. தோட்டத்து லயக் குடியிருப்பில் ஆட்கள் மாடு வளர்த்தார்கள். ஆகவே தம்புவே அங்கே சுத்தி செய்து அனுப்பட்டும் என்று மச்சாள் தீர்மானித்தார். கடிதம் எழுதினால் பிரித்துப் பார்ப்பார்கள் என்ற பயத்தில் வாய்ச்சொல்லாக அனுப்பினார். கொண்டு போனவர் அப்துல் ரஹீம். நிபோங் திபாலில் தேங்காயெண்ணெயும் கருவாடும் எடுத்து, சைக்கிளிலும் ஃபெரியிலுமாகப் பினாங்குக்குக் கொண்டு வந்து விற்கிறவர். மச்சாள் அவரை எங்கள் வாசலில் நிறுத்தி, வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போலத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்.

"முழங்காலுக்குக் கந்தகம் வேணும். எண்ணெயில உருக்கி, நல்ல பால்ல ஊத்தி, கட்டியா எடுத்து அனுப்பணும். சரியா, டீச்சரம்மா? எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு லா" என்று சலித்துக்கொண்டு அவர் போனார். நெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய். அதுவும் மச்சாளின் ஏற்பாடு.

அந்த மனுஷன் ஒரு சொல் பிசகவில்லை. சொன்னதைச் சொன்னபடியே சொல்லியிருக்கிறார். அதற்காக இன்றைக்கும் நான் அவருக்குச் சாட்சி சொல்வேன்.

பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் திரும்பி வந்தார். கருவாட்டு மூட்டைக்கு அடியிலிருந்து வாழைமடலில் சுற்றிய ஒன்றை எடுத்து மச்சாளிடம் கொடுத்தார். கருவாட்டையும் மீறி நாறியது. விரித்தால், பெரிய தோசை அளவில், மஞ்சளும் மண்ணிறமுமாகத் தடித்த ஒரு பாளம். மச்சாளின் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டும். தம்பு அதைத் தகரப் பீப்பாயில் வைத்து ஒரு பகல் முழுக்க அவித்து அனுப்பியதாக அப்துல் ரஹீம் சொன்னார். அக்காவுக்காகப் பிள்ளை எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறான் என்று மச்சாள் கண் கலங்கினார்.

நான் அப்துல் ரஹீமுக்குக் கறுப்புக் கோப்பி ஊற்றினேன். மச்சாள் பாளத்தை உடைக்கப் பார்த்தார். உடையவில்லை. கடித்தார். பல் பதிந்தது, பதிந்த இடம் மெல்லத் திரும்பி வந்து மூடிக்கொண்டது.

"நல்லா இறுகீட்டுது. இடிப்பம்" என்றார்.

உரலில் போட்டு உலக்கையால் ஓங்கி ஒரு போடு போட்டார். போன உலக்கை போன வேகத்தில் திரும்பி வந்து மச்சாளின் கையை விட்டுத் துள்ளி, தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்துவிட்டு உருண்டது.

"ரஹீம் தம்பி" என்று மச்சாள் மெதுவாகக் கேட்டார், "இதை எந்த மாட்டின்ர பாலிலை ஊத்தினவன்?"

"மாடா?" என்றார் அப்துல் ரஹீம், கோப்பியை வாயருகில் வைத்தபடி. "மாடு எங்கக்கா? மரத்துப் பால் லா! விடியக்காலையில வெட்டுன முதல் பால், தண்ணி கலக்காதது, எங்க அக்காவுக்குன்னு தனியா எடுத்து வெச்சேன்னு தம்பு ஐயா சொன்னாரே!"

எனக்குச் சிரிப்பு வந்து அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துவிட்டேன். தோட்டத்தில் காலம் முழுக்க இருந்தவனுக்குப் பால் என்றால் வேறென்ன? பால்மரம், பால் வெட்டு, பால் வாளி, பால் நிறுவை. மாட்டிலும் பால் வரும் என்பதே அந்தக் கிராணிக்கு மறந்திருக்கும். 'தின்ன' என்று மச்சாள் சொல்லவில்லை, 'முழங்காலுக்கு' என்றுதான் சொல்லி அனுப்பினார். கந்தகத்தையும் ரப்பர் பாலையும் சேர்த்து அவித்தால் இறுகும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். முழங்காலில் கட்டுவதற்கு அக்கா பட்டை கேட்கிறாள் என்று அவன் விளங்கிக்கொண்டான். தங்கமான தம்பி, என்ன செய்ய?

மச்சாள் சிரிக்கவில்லை. "கண்டறியாத கிராணி!" என்றார். "பால் எண்டால் எந்தப் பால் எண்டு ஒரு சொல்லுக் கேக்கப்படாதோ?" என்றார். பிறகு ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இன்னொரு முறை ஆள் அனுப்பி, சுத்தி செய்து, எடுத்து வர நாள் இல்லை. நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். அறையில் புஷ்பராணி இருமினாள்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு மச்சாள் அந்தப் பாளத்தை எடுத்து இழுத்துப் பார்த்தார். விட்டார். மறுபடி இழுத்தார்.

"அருந்ததி, கத்தியைக் கொண்டா" என்றார்.

"மச்சாள், உங்களுக்கென்ன விசரே? வெட்டித் தின்னப் போறியளோ?"

"கட்டச் சொல்லித்தானே அனுப்பினவன். கட்டிப் பாப்பம். தலைக்கு மேல வெள்ளம் போகுது, சாணெண்டால் என்ன, முழமெண்டால் என்ன?"

இரண்டு அகலப் பட்டையாக வெட்டினோம். முழங்காலில் பழந்துணி சுற்றி, அதன் மேல் பட்டையை இழுத்துக் கட்டி, நுளம்புவலைக் கிழிசலால் முடிச்சுப் போட்டேன். மச்சாள் கதவு நிலையைப் பிடித்துக் குந்தினார். எழும்பினார். நிலையை விட்டுவிட்டுக் குந்தினார். எழும்பினார்! என் தோள் இல்லாமல், முழுக்க இறங்கி, எழும்பினார்.

"ஆரோ பின்னால நிண்டு தூக்கிவிடுற மாதிரிக் கிடக்கு" என்றார். அண்ணன் போன பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவைப் பார்த்தேன். அப்துல் ரஹீம் கோப்பியை முடித்துவிட்டு, தான்தான் வைத்தியம் செய்தது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

அந்த ஒரு வாரமும் அடுப்படியில் தைசோதான். நான் 'இச்சி, நீ' என்று எண்ணுவேன், அவர் குந்தி எழும்புவார். பட்டைக்கடியில் தோல் சிவந்து கொப்புளித்தது, தேங்காயெண்ணெய் பூசினேன். பட்டையைக் கழற்றிவிட்டுச் செய்தால் இன்னும் பாதியில்தான் நின்றார். கழற்ற வேண்டாம், கட்டிக்கொண்டே போங்கோ என்று நான்தான் சொன்னேன். சேலைக்குள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்?

பிறந்தநாள் வந்தது. பாடாங்கில் ஊரையே கூட்டியிருந்தார்கள். வீட்டு ஆட்களும் வந்து கொடி ஆட்ட வேண்டும் என்று கட்டளை. புஷ்பராணியைப் பக்கத்து வீட்டு நோர்மாவிடம் விட்டுவிட்டு நான் போனேன். வாத்திமார் கடலைப் பார்த்தபடி வரிசை வரிசையாக நின்றார்கள். மச்சாள் இருந்த வரிசை எனக்குக் கிட்டத்தான். முதலில் சக்கரவர்த்தியின் அரண்மனை இருக்கிற பக்கமென்று கிழக்கே பார்த்துக் குனிந்தார்கள், பிறகு ஒருத்தன் பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். வெயில் ஏறியது. வெயில் ஏற ஏற ரப்பர் சூடாகும், சூடானால் என்ன நாறும் என்று எனக்குத்தானே தெரியும்.

பியானோச் சத்தம் வந்தது. கை வீசினார்கள், இடுப்பை வளைத்தார்கள். கல்விக் கந்தோர் அதிகாரி கையில் ஒரு பிரம்போடு வரிசைகளுக்கு இடையே நடந்தான், பின்னால் ஒரு மொழிபெயர்ப்பாளன். குந்துகிற இடம் வந்தபோது மச்சாள் குந்தினார். எழும்பினார். எல்லாரையும் போலவே செய்தார், என் குலதெய்வமே, எல்லாரையும் விட நேராகச் செய்தார். அதிகாரி அவரைத் தாண்டிப் போனான். நான் மூச்சு விட்டேன்.

தாண்டிப் போனவன் நின்றான். மூக்கைச் சுருக்கினான். திரும்பி வந்து மச்சாளைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பிறகு பிரம்பால் சேலைக்கு மேலே முழங்காலைத் தட்டினான். 'டொப்' என்றது.

மொழிபெயர்ப்பாளன் மலாயில் கேட்டான், இது என்ன என்று. மச்சாள் கந்தகம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"கோமு" என்றார் ஜப்பான் பாஷையில். ரப்பர்.

அதிகாரி பியானோவை நிறுத்தச் சொன்னான். கழற்று என்றான். ஆண்கள் அத்தனை பேர் நிற்கிற திடலில், ஒரு யாழ்ப்பாணத்துப் பொம்பிளை சேலையைத் தூக்கிப் பட்டையைக் கழற்றுவதா? எனக்கு இரத்தம் கொதித்தது. முன்னால் நின்று திரும்பிப் பார்த்த ஸ்ரீஸ்கந்தராஜா மாஸ்டர் மறுபடி முதுகைக் காட்டி நின்றார். அவரைப் பார்த்து அந்த வரிசை ஆண்கள் எல்லாரும் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டு டீச்சர்மார் வந்து முந்தானையை விரித்துப் பிடித்தார்கள். மச்சாள் குனிந்து முடிச்சை அவிழ்த்தார். பட்டைகளை அதிகாரியின் காலடியில் வைத்தார்.

இப்போது செய் என்றான். தனியாக. பியானோ இல்லை; மொழிபெயர்ப்பாளன் எண்ணினான்.

மச்சாள் குந்தினார். அரைவாசியில் முகம் கோணியது, அடுப்படியில் கோணுமே, அப்படியே. அவர் நிற்கவில்லை, முழுக்க இறங்கினார். 'சான்' என்றான் அவன். எழும்ப வேண்டும். எழும்பவில்லை. 'சான்' என்றான் மறுபடி. மச்சாளின் கை மெல்லப் புல்லை நோக்கி இறங்கியது. கையை ஊன்றினால் முடிந்தது. நான் வாய்க்குள் 'ஊண்டாதேங்கோ, ஊண்டாதேங்கோ' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். புல்லுக்கு ஒரு விரல் மேலே கை நின்றது. பிறகு அந்தக் கை திரும்பி மேலே போயிற்று, மச்சாள் அதன் பின்னாலேயே எழும்பினார். நாக்கைக் கடித்து உதட்டில் இரத்தம். நிமிர்ந்து, கையை விரித்து நின்றார். முழங்காலில் பட்டை இல்லை, வயிற்றில் கந்தகம் இல்லை. எதைப் பிடித்து எழும்பினார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அதிகாரி பிரம்பைக் கக்கத்தில் இடுக்கினான். பிறகு ஏதோ சொன்னான். மொழிபெயர்ப்பாளன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மலாயில் கத்தினான்: துவான், அதாவது துரை, சொல்கிறார், இந்தப் பெண்ணுக்கு மன உறுதி இருக்கிறது. நாளையிலிருந்து இவளுடைய பள்ளிக்கூடத்தில் இவள்தான் முன்னால் நின்று எல்லாருக்கும் தைசோ செய்து காட்ட வேண்டும். ஒவ்வொரு காலையும்.

மச்சாள் குனிந்து வணங்கினார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அவன் தலையில் இடி விழ என்று மனதுக்குள் சொன்னேன்.

பாடாங்கை விட்டு மூலை திரும்பும் வரைக்கும் மச்சாள் நேராக நடந்தார். திரும்பியதும் என் மேல் சாய்ந்தவர்தான். ஒரு திரிஷா வண்டியைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்தேன். முழங்கால் இரண்டும் வீங்கி இளநீர்க் காய் மாதிரி ஆகிவிட்டன. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கொடுக்க எனக்கு அழுகையும் ஆத்திரமும் பொங்கிக்கொண்டு வந்தன.

"நாளைக்குப் போய் ஏலாது எண்டு சொல்லுங்கோ, மச்சாள். எழும்பிக் காட்டியாச்சு, வேலையும் தப்பீட்டுது. இனி என்ன? கால் இருக்கிற இருப்பைக் காட்டுங்கோ. ஒருநாள் செய்ததே போதாதோ? உந்தக் காலோட ஒவ்வொரு நாளும் ஆர் குந்தி எழும்புறது?"

மச்சாள் கண்ணை மூடிப் படுத்திருந்தார். நித்திரை என்று நினைத்தேன்.

"பிள்ளைக்கு நாளைக்கும் பசிக்கும்தானே, அருந்ததி" என்றார்.

வாய்க்காரி என்று பெயரெடுத்த நான், ஒத்தடத் துணியைப் பிழிந்து மறுபடி வைத்தேன். விடிந்ததும் மச்சாள் சுவரைப் பிடித்து எழும்பினார், சேலை உடுத்தினார், படியில் ஒரு காலை வைத்து மறு காலை இழுத்து இறங்கினார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் முன்னால் நின்று 'இச்சி' என்று தொடங்கியதும் அவர், கடைசியாக எழும்பியதும் அவர் என்று ஸ்ரீஸ்கந்தராஜா மாஸ்டர் பிறகு வந்து சொன்னார். சொல்லும்போது அவர் அழுதார். நான் அடுப்படிக்குப் போய்ப் புஷ்பராணிக்குக் கஞ்சி காய்ச்சினேன்.